காலை பத்து மணிக்கு என்ன வேலை?
பள்ளிக்கு வல்லுநர்களை அழைத்துத் தொழில் பயிலரங்கம் நடத்தும் முறை

நான் ஏற்பாடு செய்த முதல் பயிலரங்கத்தை ஊரே பாராட்டியது. எங்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்து, பெரிய பதவிக்குப் போன ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் இருந்தன. இருநூறு பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரம் கேட்டார்கள். உழைத்தால் உயரலாம் என்றார், கைதட்டினார்கள். மறுநாள் செய்தித்தாளில் படமும் வந்தது.

ஒரு வாரம் கழித்து ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். "அன்னைக்கு வந்தாரே, அவர் காலையில பத்து மணிக்கு ஆபீஸ் போனதும் என்ன வேலை செய்வார்?" வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசியில் ஒரு பையன் எழுந்து, "ஏசி ரூம்ல இருப்பார் சார்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். நாங்கள் அவனுக்குக் காட்டியது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எல்லாப் பயிலரங்கத்தையும் அந்த ஒரே கேள்வியால் அளக்கிறேன். வந்துபோனவர் காலை பத்து மணிக்கு என்ன செய்வார் என்று ஒரு வாரம் கழித்துப் பிள்ளை சொல்ல வேண்டும். சொன்னால் பயிலரங்கம் நடந்தது என்று பொருள். சொல்லத் தெரியாவிட்டால் நடந்தது கூட்டம் மட்டுமே. இந்த அத்தியாயத்தில் உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கச் செய்வதற்காக எழுதப்பட்டது.

எந்த வகுப்புக்கு, எந்த மாதத்தில்?

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்குத்தான் தொழில் வழிகாட்டல் தேவை என்று பலரும் நினைக்கிறோம். நம் மாநிலத்தில் பெரிய முடிவு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிந்து பதினொன்றில் எந்த குரூப் என்று எழுதிக் கொடுக்கும் நாளில் பாதிக் கதவுகள் திறக்கின்றன, பாதி மூடுகின்றன. கணிதம் இல்லாத பிரிவை எடுத்த பிள்ளை பொறியியல் கலந்தாய்வில் நுழைய முடியாது. உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு பி.எஸ்சி. நர்சிங் கிடைக்காது. தோழி எடுத்த குரூப், அண்ணன் எடுத்த குரூப், பக்கத்துப் பள்ளியில் இருக்கும் குரூப் என்று முடிவாகிவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

ஆகவே பயிலரங்கத்தின் முதல் உரிமை ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேறு வகையில் திட்டமிடுங்கள். அவர்களுக்குக் கல்லூரி, நுழைவுத் தேர்வு, விண்ணப்பம் என்று தகவல் தேவை கூடுதல். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டமும், அதன்கீழ் பிளஸ் டூ மாணவர்களுக்கு நடக்கும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் அந்தத் தகவலைத் தருகின்றன. உங்கள் பள்ளிப் பயிலரங்கம் அதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேலையைக் கிட்டே போய்ப் பார்ப்பதற்கான இடத்தைத் தந்தால் போதும்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூலையும் ஆகஸ்டும் நல்லவை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறையையும் தீபாவளியையும் கணக்கில் வைத்துக்கொண்டு நடத்தலாம். டிசம்பரில் அரையாண்டு. ஜனவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்பைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஓர் ஆண்டுக்கு நான்கு பயிலரங்கம் நடத்தினாலே நிறைவு. நான்கை நன்றாக நடத்துவது, பன்னிரண்டை அரைகுறையாக நடத்துவதைவிட மேல்.

ஒரு பாடவேளை போதாது. முக்கால் மணி நேரத்தில் வரவேற்பும் அறிமுகமும் முடிவதற்குள் மணி அடித்துவிடும். சனிக்கிழமை காலையில் இரண்டரை மணி நேரம் கேளுங்கள். முப்பது முதல் நாற்பது பிள்ளைகள் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் கையில் கருவியைத் தர முடியாது. கூடுதல் பிள்ளைகள் ஆர்வம் காட்டினால் அதே வல்லுநரை இன்னொரு நாள் அழையுங்கள்.

யாரை அழைப்பது?

பெரிய பெயரைத் தேடிப் போகாதீர்கள். பிள்ளை தன் இடத்திலிருந்து நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில் நிற்பவரைத் தேடுங்கள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து முதல் பதினைந்து ஆண்டு ஆனவராக இருந்தால் நல்லது. அவருக்குப் படித்த நாள் மறந்திருக்காது. எந்த விண்ணப்பத்தை எங்கே வாங்கினார், விடுதிக் கட்டணத்துக்கு யார் உதவினார்கள் என்பதெல்லாம் நினைவில் இருக்கும். பணி ஓய்வு பெறப் போகிறவர் சொல்லும் வழி இன்று இல்லாமலே போயிருக்கலாம்.

பட்டியல் போட எளிய முறை ஒன்று உண்டு. பிள்ளைகளையே அனுப்பித் தெருக்கணக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தன் தெருவில் பத்து வீடுகளில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். 'கம்பெனி வேலை' என்று எழுதினால் ஏற்காதீர்கள். கம்பெனியில் எந்தப் பிரிவு, என்ன செய்கிறார் என்று மறுபடி கேட்டு வரட்டும். நான் முதல்முறை இதைச் செய்தபோது, வகுப்பில் இருந்தபடி பிள்ளைகள் எழுதிய வேலைகள் மொத்தம் பதினான்கு. டாக்டர், டீச்சர், போலீஸ், கலெக்டர், இன்ஜினியர் என்று எல்லாத் தாளிலும் அதே பெயர்கள். தெருக்கணக்கு முடிந்து வந்தபோது அது அறுபதைத் தாண்டியிருந்தது. எக்ஸ்ரே எடுப்பவர், நிலம் அளக்கும் சர்வேயர், பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு பார்ப்பவர், கப்பலில் சமையல் செய்பவர் என்று எல்லாரும் அதே ஊரில்தான் இருந்தார்கள்.

ஊரின் தொழிலையும் மறக்காதீர்கள். திருப்பூர்ப் பிள்ளைக்குப் பனியன் கம்பெனி என்றால் தையல் மெஷின்தான் கண்ணில் படும். வெளிநாட்டு ஆர்டரை வாங்கி, நூல் முதல் பெட்டி கட்டுவது வரை நாள் கணக்கு வைத்து நடத்தும் மெர்ச்சண்டைசர் அங்கே இருக்கிறார். காகிதத்தில் அளவு வெட்டும் பேட்டர்ன் மாஸ்டர் இருக்கிறார். சாயம் ஒட்டுமா, வெளுக்குமா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் வேதியியல் படித்தவர் இருக்கிறார். சிவகாசியில் ஆஃப்செட் மெஷினுக்கு நான்கு வண்ணங்களைப் பிரித்துத் தரும் வடிவமைப்பாளர் இருக்கிறார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழில்நுட்பம் படித்தவர்கள் இருக்கிறார்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் உள்ளன. மாமல்லபுரத்தில் கல் உளி ஓசையோடு வளரும் பிள்ளைகள் பலருக்கு, அதே ஊரில் 1957 முதல் அரசின் சிற்பக் கல்லூரி இயங்குவதும், அங்கே பட்டம் படிக்கலாம் என்பதும் எட்டுவதில்லை.

நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நான்கையும் சரிபாருங்கள். குறைந்தது இருவராவது பெண்களாக இருக்கட்டும். ஒருவராவது ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் வழியாக வந்தவராக இருக்கட்டும். ஒருவராவது சொந்தத் தொழில் செய்பவராக இருக்கட்டும். ஒருவராவது அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவராக இருக்கட்டும்.

வருபவரிடம் பேச வேண்டியது

வல்லுநர்களில் பெரும்பாலோருக்கு வகுப்பு எடுத்துப் பழக்கம் இல்லை. மேடையும் மைக்கும் கிடைத்தால் அறிவுரை தானாக வந்துவிடும். அது அவர்கள் குற்றமில்லை, அவர்கள் கேட்டு வளர்ந்த கூட்டங்கள் அப்படி. ஆகவே நேரில் போய் அரை மணி நேரம் பேசுங்கள். கீழே உள்ள ஏழு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

1. நேற்று காலையிலிருந்து மாலை வரை மணி வாரியாக என்ன செய்தீர்கள்?
2. தினமும் கையில் எடுக்கும் கருவி எது? அதைக் கொண்டுவர முடியுமா?
3. உங்கள் வேலையில் தவறு நேர்ந்தால் யாருக்கு என்ன ஆகும்?
4. பள்ளியில் படித்த எந்தப் பாடம் இன்று உதவுகிறது? எங்கே?
5. பத்தாம் வகுப்பிலிருந்து இந்த வேலை வரை ஒவ்வொரு படியும் என்ன? எவ்வளவு செலவாயிற்று? யார் உதவினார்கள்?
6. இந்த வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் சம்பளம் எவ்வளவு இருக்கும்?
7. இந்த வேலையில் உங்களுக்குக் கஷ்டமானது எது?

ஆறாவதையும் ஏழாவதையும் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். சம்பளத்தை மறைத்தால் பிள்ளை சினிமாவில் பார்த்ததை வைத்துக் கணக்குப் போடும். தம் சொந்தச் சம்பளத்தைச் சொல்ல விரும்பாதவர்கள், புதிதாகச் சேருபவருக்கு எவ்வளவு என்று பொதுவாகச் சொல்லலாம்.

பேசிவிட்டு வந்த பிறகு கடிதமும் கொடுங்கள். மாதிரி:

"மதிப்புக்குரிய அம்மா, வணக்கம். எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 36 பேருக்கு, செவிலியர் பணியை நேரடியாக அறிந்துகொள்ளும் பயிலரங்கம் ஒன்றை வரும் சனிக்கிழமை காலை 9.30 முதல் 12 மணி வரை நடத்துகிறோம். தாங்கள் உரை தயாரிக்க வேண்டாம். தங்கள் ஒருநாள் பணியை மாணவர்களுக்கு விளக்கி, அதில் ஒரு சிறு பகுதியை அவர்கள் கையால் செய்து பார்க்க உதவும்படி கேட்டுக்கொள்கிறோம். ஆறு பேர் கொண்ட ஆறு குழுக்களாக மாணவர்கள் அமர்ந்திருப்பார்கள். ஆசிரியர் ஒருவர் முழு நேரமும் உடன் இருப்பார். தேவையான பொருள்களைத் தெரிவித்தால் பள்ளியில் ஏற்பாடு செய்துவைப்போம். போக்குவரத்துச் செலவைப் பள்ளி ஏற்கும்."

கீழே தலைமையாசிரியர் கையொப்பம். அரசுப் பணியில் இருப்பவரானால், அவருடைய மேலதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சனிக்கிழமை பணி உள்ளவர்களுக்கு இந்தக் கடிதம் அனுமதி பெற உதவும்.

மொழியைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொழிலில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் வரட்டும், அவை பிள்ளைக்கும் தெரிய வேண்டியவை. ஆனால் வாக்கியம் தமிழில் இருக்க வேண்டும். முக்கியமான பத்துச் சொற்களை முதலிலேயே வாங்கி, பொருளோடு கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஒரு வாரம் முன்பு, வகுப்பில்

பயிலரங்கம் சனிக்கிழமை தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்று வருபவரின் தொழிலை மட்டும் சொல்லி, அவர் காலை பத்து மணிக்கு என்ன செய்வார் என்று ஒவ்வொருவரையும் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். தாள்களை வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். சனிக்கிழமை முடிவில் பிரித்துக் கொடுக்கும்போது, தான் நினைத்ததற்கும் கண்டதற்கும் உள்ள தூரத்தைப் பிள்ளை தானே பார்க்கும். நாம் விளக்க வேண்டியிருக்காது.

வகுப்பு மூலையில் ஒரு கேள்விப் பெட்டி வையுங்கள். பழைய செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டால் போதும். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுந்து நின்று கேட்கத் தயங்கும் பிள்ளைகள்தான் நல்ல கேள்விகளை எழுதுவார்கள். "நைட் டூட்டி முடிஞ்சு எப்படி வீட்டுக்குப் போவீங்க?", "தப்பு பண்ணினா திட்டுவாங்களா?", "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு விட்டாங்களா?" இவை எனக்குக் கிடைத்தவை. மேடைக் கூட்டத்தில் இவற்றில் ஒன்றுகூட வந்திருக்காது. பெட்டியை வெள்ளிக்கிழமை திறந்து, ஒரே கேள்விகளைச் சேர்த்து, வல்லுநருக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

அன்றைய இரண்டரை மணி நேரம்

9.30 – 9.35: ஒரு மாணவர் அறிமுகம் செய்கிறார்.
9.35 – 9.55: வல்லுநர் தன் நேற்றைய நாளை மணி வாரியாகச் சொல்கிறார்.
9.55 – 10.45: செய்முறை. எல்லார் கையிலும் வேலை.
10.45 – 11.00: தேநீர், கடலைமிட்டாய். வல்லுநர் பிள்ளைகளோடு நின்றே குடிக்கிறார்.
11.00 – 11.35: கேள்விகள். பெட்டியில் வந்தவை முதலில்.
11.35 – 11.55: வழித்தாள் நிரப்புதல்.
11.55 – 12.00: ஒரு மாணவி நன்றி சொல்கிறார்.

இதில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை மரியாதைக்குரிய வழக்கங்கள்தாம். ஆனால் நாற்பது நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த நாற்பது நிமிடத்தில்தான் பிள்ளை கருவியைத் தொட வேண்டும். தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரையும் மேடையில் அமர்த்துவதற்குப் பதிலாக ஆளுக்கொரு குழுவோடு உட்கார வையுங்கள். நான் கேட்டபோது அவர்கள் மகிழ்ச்சியோடுதான் வந்தார்கள்.

மூன்று செய்முறைகள்

செய்முறை இல்லாத பயிலரங்கம் வேண்டாம். நல்ல செய்முறைக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. உண்மையான வேலையின் ஒரு துண்டாக இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடிய வேண்டும். சரியாகச் செய்தோமா என்று பிள்ளை தானே கண்டுகொள்ள முடிய வேண்டும். நான் பலமுறை நடத்திப் பார்த்த மூன்றை இங்கே தருகிறேன்.

செவிலியர். முதலில் நாடி பார்த்தல். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நடு மூன்று விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்க வேண்டும். கட்டைவிரலை வைத்துப் பார்க்கக் கூடாது, அதற்கே நாடி உண்டு, குழப்பிவிடும். மாடிப்படி ஏறி இறங்கிவந்து மறுபடி எண்ணச் சொன்னால் வகுப்பே உயிர் பெறும். அடுத்து டிரிப்ஸ் கணக்கு. 500 மில்லி பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் ஏறத்தாழ 42. கணக்கு வராது என்பதால் நர்சிங் போகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, இதைப் போட்டு முடித்ததும் நிமிர்ந்து, "சிஸ்டர், தப்பாப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள். அந்தச் செவிலியர் மறைக்காமல் சொன்னார். அந்த வேலையின் கனம் எங்கள் வகுப்பறைக்குள் வந்தது அந்த நிமிடத்தில்தான்.

கொத்தனாரும் கட்டடப் பொறியாளரும். இருவரையும் சேர்த்தே அழையுங்கள். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் நான்கும் வரட்டும். மைதானத்தில் ஓர் அறைக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதுதான் பயிற்சி. மூலை சரியாக 90 பாகை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்து குறி வைத்து, இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் மூலை நேர். பத்தாம் வகுப்பு வடிவியலில் வரும் பித்தாகரஸ் தேற்றம் இதுவே. கொத்தனார் கயிறு பிடித்துக் காட்டட்டும், ஏன் அப்படி வருகிறது என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். ஒரே வேலையில் கைக்கும் கணக்குக்கும் தனித்தனி மதிப்பு உண்டு என்பதை, சொற்பொழிவு இல்லாமல் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். கொத்தனாரின் மகன் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். தன் அப்பாவைப் பள்ளி வல்லுநர் என்று அழைத்த நாளை அவன் மறக்க மாட்டான்.

ஆடிட்டர். ஒரு டீக்கடையின் ஒருநாள் கணக்கைத் தாளில் கொடுங்கள். வரவு 4,800 ரூபாய். பால் 1,300, சர்க்கரையும் தூளும் 600, கேஸ் 400, பலகாரம் வாங்கியது 1,100. மீதி எவ்வளவு? எல்லாரும் 1,400 என்பார்கள். பிறகு ஆடிட்டர் ஒவ்வொன்றாக எடுத்துவைக்கட்டும். மாத வாடகை 6,000, மின்கட்டணம் 900, உதவியாளுக்கு நாள்கூலி 500. மாதத்தை 30 நாளாகப் பிரித்தால் வாடகை 200, மின்சாரம் 30. மீதி 670 ஆகிவிடும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. கடைக்காரர் காலை நான்கு மணி முதல் இரவு வரை நிற்கிறாரே, இந்த 670 லாபமா, அவருடைய கூலியா? எங்கள் வகுப்பில் இந்த விவாதம் தேநீர் இடைவேளையையும் விழுங்கிவிட்டது. சி.ஏ. படிப்பின் ஃபவுண்டேஷன் நிலைக்குப் பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிவு செய்யலாம், பிளஸ் டூ முடித்துத் தேர்வு எழுதலாம், வணிகவியல் குரூப் கட்டாயமில்லை என்ற தகவல்கள் அதற்குப் பிறகு சொல்லப்பட்டபோதுதான் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும்.

வேளாண் அலுவலர் வந்தால் கண்ணாடிக் குடுவையில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, மணல், வண்டல், களிமண் அடுக்கடுக்காகப் படிவதைக் காட்டலாம். களிமண் படிய நேரமாகும் என்பதால் ஒரு குடுவையை முந்தைய நாளே தயார் செய்துவையுங்கள். வழக்கறிஞர் வந்தால், அச்சிட்ட விலைக்கு மேல் விற்ற கடைக்காரர் மீது ஒரு புகார் எழுதவைத்து, பாதி வகுப்பு நுகர்வோருக்கும் பாதி வகுப்பு கடைக்காரருக்கும் வாதாடட்டும்.

வழித்தாள்

ஆர்வம் பிறந்த அதே நாளில் வழியும் கையில் இருக்க வேண்டும். ஒரு பக்கத் தாளில் ஆறு கட்டங்கள் வரையுங்கள். பதினொன்றில் எடுக்க வேண்டிய குரூப், அதற்கு மேல் படிப்பும் ஆண்டுகளும், சேர்க்கை முறை, அருகில் உள்ள அரசுக் கல்லூரி, செலவும் உதவித்தொகையும், மாற்றுவழி. வல்லுநரும் ஆசிரியரும் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நிரப்பட்டும்.

மாற்றுவழிக் கட்டத்தை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தவர், பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு இருக்கிறது, ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பிறகு மூன்றாண்டுச் சட்டப்படிப்பும் இருக்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு இந்தக் கட்டம்தான் மூச்சு.

செலவுக் கட்டத்தில் இவற்றைக் கட்டாயம் எழுத வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு, அதற்குச் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிப்பவை. கலந்தாய்வு நேரத்தில் ஓடாமல் முன்பே வாங்கிவைக்க வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத் தாளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பெற்றோரை விட்டுவிடாதீர்கள்

பிள்ளைக்கு ஆசை வந்து, வீட்டில் "அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துபோன கதைகள் எத்தனையோ. சனிக்கிழமை காலையில் கூலி வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று அழைப்பது நியாயமில்லை. மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரக் கூட்டம் வையுங்கள். பள்ளி தூரமென்றால் தெருவிலுள்ள கோயில் மண்டபத்தில், சமுதாயக்கூடத்தில் வையுங்கள். வல்லுநர் வர முடியாவிட்டால் அவருடைய அம்மாவோ அப்பாவோ வந்து பேசினால் இன்னும் நல்லது. அந்தச் செவிலியரின் தாயார் எங்கள் ஊருக்கு வந்து, மகளை முதன்முதலில் விடுதியில் விட்டுவிட்டுப் பேருந்தில் அழுதுகொண்டே திரும்பியதைச் சொன்னார். அன்று இரவு மூன்று அம்மாக்கள் என்னிடம் விடுதியைப் பற்றி விசாரித்தார்கள். என் பத்தாண்டு அறிவுரையால் நடக்காதது அது.

பாதுகாப்பு விதிகள்

இவை நம் பொறுப்பு, இவற்றில் விலக்கு கிடையாது. வெளியிலிருந்து வருபவர் எவ்வளவு மதிப்புக்குரியவரானாலும் மாணவரோடு தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது, ஆசிரியர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். மாணவருக்கும் வல்லுநருக்கும் இடையே கைப்பேசி எண் பரிமாற்றம் கூடாது, பின்னால் கேட்க வேண்டியதை ஆசிரியர் வழியாகக் கேட்கலாம். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடக்கூடாது. வேலையிடத்துக்கு அழைத்துச் செல்வதானால் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் கல்வித் துறையின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டும் கரும்பலகைக்கு அருகில் எழுதப்பட்டிருக்கட்டும்.

தனியார் கல்லூரி, பயிற்சி மையம் ஆகியவற்றின் விளம்பரத் தாளை வகுப்பில் யாரும் கொடுக்கக் கூடாது. ஒருமுறை எங்களிடம் வந்த ஒருவர், பேசி முடித்ததும் பிள்ளைகளின் பெயர், பெற்றோர் எண் எழுதும் தாளைச் சுற்றுக்கு விட்டார். நான் கவனிப்பதற்குள் இரண்டு வரிசை எழுதிவிட்டது. மறுவாரமே வீடுகளுக்கு அழைப்புகள் போயின. அதன்பிறகு இந்த விதியைக் கடிதத்திலேயே எழுதத் தொடங்கினேன். நீங்களும் எழுதுங்கள்.

பயிலரங்கத்துக்குப் பிறகு

மூன்று நாளுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் வல்லுநருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். நான்கு வரி போதும். எது ஆச்சரியமாக இருந்தது, எது புரியவில்லை, எது பிடிக்கவில்லை என்பது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு அனுப்புங்கள். அடுத்த ஆண்டும் அவரைக் கூட்டிவருவது அந்த உறைதான்.

ஏழாம் நாள், முன்னறிவிப்பில்லாமல், பத்து மணிக் கேள்வியைக் கேளுங்கள். பதில்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பாதிக்கு மேல் பிள்ளைகள் தெளிவாகச் சொன்னால் செய்முறை சரியாக அமைந்தது. இல்லையென்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை. அடுத்த முறை பேச்சைக் குறைத்து, கைவேலையைக் கூட்டுங்கள்.

எத்தனை பேர் அந்தத் தொழிலுக்குப் போனார்கள் என்று கணக்குப் பார்க்காதீர்கள். டிரிப்ஸ் கணக்குப் போட்ட அந்த மாணவி நர்சிங் சேரவில்லை. "அந்த வேலையில எனக்குக் கை நடுங்கும் சார். ஆனா கணக்கு வருதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். கணிதம் உள்ள குரூப் எடுத்தாள். தனக்கு எது வேண்டாம் என்பதை, கண்ணால் பார்த்து, காரணத்தோடு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை சொல்ல முடிந்தது. அந்தப் பயிலரங்கத்தை நான் வெற்றி என்றே நோட்டில் குறித்திருக்கிறேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

– பத்தாம் வகுப்புக்கு ஒரு சனிக்கிழமை காலையைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
– பிள்ளைகளைத் தெருக்கணக்குக்கு அனுப்புங்கள்.
– பட்டியலிலிருந்து பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மூவரைத் தேர்ந்தெடுங்கள்.
– அவர்களில் ஒருவரை அவர் வேலை செய்யும் இடத்திலேயே, முடிந்தால் காலை பத்து மணிக்கு, போய்ப் பாருங்கள். அவர் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று முதலில் நீங்கள் தெரிந்துகொண்டு வாருங்கள்.